வாதத்திற்காக ஒப்புக்கொண்டது

"எதிரணியினர் சொல்வது முழு உண்மை என்றே வைத்துக்கொள்வோம்."

பள்ளி நாள் தொடங்கிச் சட்டக் கல்லூரியின் இரண்டாம் ஆண்டு வரை நான் வென்ற கோப்பைகளில் பாதிக்குமேல் இந்த ஒரு வாக்கியம் பெற்றுத் தந்தவை. தமிழில் சொன்னாலும் மலையாளத்தில் சொன்னாலும் அது என்னைக் கைவிட்டதில்லை. அதைச் சொல்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குரலை இறக்க வேண்டும். பிறகு வலக்கையை விரித்து, விருந்தாளியை வீட்டுக்குள் அழைப்பதுபோல எதிரணியின் மேசையை நோக்கி நீட்ட வேண்டும். மூன்று எண்ணும் நேரம் மௌனம். இவள் தோல்வியை ஒப்புக்கொண்டுவிட்டாளோ என்று அரங்கம் திகைக்கும். அந்தத் திகைப்பு முற்றும் கணத்தில், "அப்படியே இருந்தாலும்" என்று குரலை உயர்த்தி, அவர்கள் அடுக்கிய செங்கல்லைக் கொண்டே அவர்கள் சுவரை இடிக்க வேண்டும். கைதட்டல் அங்கேதான் எழும். எங்கே எழும் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதில் ஒரு போதை இருக்கிறது. அந்தப் போதையைத் திறமை என்று அழைத்துவந்தேன்.

மனித உரிமை என் தனிப்பாடம். உலகளாவிய மனித உரிமைப் பிரகடனத்தின் முப்பது பிரிவுகளும் எனக்கு மனப்பாடம். கல்லூரி கேண்டீனில் தோழிகள் அதை ஒரு விளையாட்டாகவே வைத்திருந்தார்கள். ஒருத்தி எண்ணைச் சொல்வாள். நான் உரிமையைச் சொல்ல வேண்டும். "பதினேழு?" "சொத்துரிமை." "இருபத்து நாலு?" "ஓய்வு." "பதினொண்ணு?" "குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதியாகக் கருதப்படும் உரிமை." தவறினால் எல்லாருக்கும் பழம்பொரி வாங்கித் தர வேண்டும். நான் ஒரு முறைகூட வாங்கித் தந்ததில்லை.

அந்த டிசம்பரில், மனித உரிமை நாளுக்கு இரண்டு நாள் முன்பு, காலை ஒன்பதரை மணி இருக்கும். திருவனந்தபுரம் சாலைக் கடைவீதியின் பின்தெருவில் இருக்கும் எங்கள் வீட்டு மாடிப்படியில் நின்று ஓர் அக்கா என்னை அழைத்தார். எதிர்க் குடோனில் வத்தல் மிளகாய்க்குக் காம்பு கிள்ளும் பெண்களில் ஒருவர். தென்காசிப் பக்கத்து ஊர்க்காரர். கணவருக்குத் தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை துடைத்து விரிப்பு மாற்றும் வேலை. தெருவில் எதிர்ப்பட்டால் சிரித்துக்கொள்வதைத் தாண்டி எங்களுக்குள் பழக்கம் இல்லை. அன்று அழுதுகொண்டிருந்தார். கண்ணீரை விரலால் துடைக்கவில்லை. மிளகாய் கிள்ளிய விரல் கண்ணுக்கு ஆகாது. தோளை உயர்த்தி, ரவிக்கைக் கையில் முகத்தை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

"பாப்பா, நீ வக்கீலுக்குத்தான படிக்க? எங்க வீட்டுக்காரரப் போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாவ. ரூம்ல கல்யாண பார்ட்டியோட செயினு காணுமாம். விரிப்பு மாத்துனது இவுகதானாம். விடியக்காலம் போனது, இன்னும் விடல."

அம்மா சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "அவ படிச்சு முடிக்கல, கேட்டோ. நல்ல வக்கீலாப் பாருங்க. பெண்குட்டிய ஸ்டேஷனுக்கு விடவோ?"

கடையிலிருந்த அப்பாவைப் போனில் அழைத்தேன். அவர் சொன்னது இன்னும் நேரானது. "வஞ்சியூர் கோர்ட்டுல ஃப்ரீ லீகல் எய்டு உண்டல்லோ? நீதானே அன்னைக்கு மேடையில நின்னு பறஞ்சே? அங்க போன்ல ஒரு விளி விளி. அது போதும்."

உண்மை. வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு அரசே வக்கீல் தரும் அந்த அலுவலகத்தைப் பற்றி நான் மூன்று மேடைகளில் பேசியிருந்தேன். ஆட்டோவில் பத்து நிமிட தூரம். அதன் எண் என் கைபேசியில் இருந்தது. நான் அழைக்கவில்லை. அழைத்தால் என் இடத்தில் வேறொருவர் பேசுவார். இதற்கு மேல் நேர்மையான காரணம் ஒன்றை இத்தனை மாதங்களாகத் தேடியும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஆட்டோவில் அந்த அக்கா பேசிக்கொண்டே வந்தார். "ஒருத்தன் ரூம்லயே பல் செட்ட வெச்சுட்டுப் போயிட்டாம்னு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் ஓடிக் குடுத்த மனுசன், பாப்பா. பல் செட்டு! கையில துண்டச் சுத்திப் புடிச்சுக்கிட்டு ஓடிருக்காவ." சொல்லும்போதே அழுகைக்கு நடுவில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரல் மாறியது. "சித்திரையில எங்க ஊரு அம்மன் கோயில் கொடைத் திருவிழா. சாமி நகைப் பெட்டிச் சாவி இவுக கையிலதான். பதிமூணு வருசமா. ஊர்ல அத்தன பேரு இருக்க, திருவனந்தபுரத்துல இருந்து இவுக வந்தாத்தான் பெட்டியத் தொறப்பாவ. இந்தச் சேதி ஊருக்குப் போயிரக் கூடாது, பாப்பா. அடிச்சாக்கூடத் தாங்கிக்கிடுவாவ. இந்த நல்ல பேரு போகக் கூடாது."

அவருக்கு வேண்டியது விடுதலை மட்டும் அன்று. அதற்கு முன்னால் ஒன்று உண்டு என்பதை அந்த ஆட்டோவிலேயே அவர் எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் கேட்டேன், ஆனால் மனத்துக்குள் முன்னுரையைக் கோத்துக்கொண்டிருந்தேன்.

காவல் நிலையத்துக்குள் நுழைந்ததும் சுவரில் அந்தப் பலகையைப் பார்த்தேன். கைதுசெய்யப்பட்டவரின் உரிமைகள், வரிசையாக, மலையாளத்தில். முன்பின் தெரியாத கல்யாணத்தில் பழகிய முகம் ஒன்றைக் கண்டதுபோல் இருந்தது. அதன் அடியில், தரையில், கழுத்துப் பொத்தான் வரை போட்ட சட்டையோடு அக்காவின் கணவர் உட்கார்ந்திருந்தார். இடக்காது சிவந்து தடித்திருந்தது. மனைவியைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, எழலாமா என்று தெரியாமல் பாதியில் நின்றார்.

"நான் எடுக்கல," என்றார். வணக்கம் சொல்வதுபோல் அதையே முதலில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, தலைக்கு மேலிருந்த பலகையைக் கண்ணால் காட்டி, "அது என்ன எழுதியிருக்கு, பாப்பா? என்னென்ன குத்தத்துக்கு எவ்வளவு அபராதம்னா?" என்று கேட்டார். காலையிலிருந்து அவர் அதன் கீழேயேதான் உட்கார்ந்திருந்தார்.

எஸ்.ஐ. இளைஞர். முகத்தில் கடுமை இல்லை. அவர் மேசைக்குப் பக்கத்தில் லாட்ஜ் மேனேஜர் கைபேசியைத் தடவியபடி உட்கார்ந்திருந்தார். சற்றுத் தள்ளி ரைட்டர், அதாவது நிலைய எழுத்துவேலை பார்க்கும் காவலர். சட்டக் கல்லூரி மாணவி என்று நான் சொன்னதும் எஸ்.ஐ. நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. நின்று பேசியே பழக்கம்.

"சார், இவரை அரெஸ்ட் செய்திருக்கிறீர்களா?" என்று மலையாளத்தில் கேட்டேன்.

"அரெஸ்டோ? யாரு பறஞ்சு மோளே? ஒண்ணு சோதிக்கான் விளிச்சதல்லே."

கைது இல்லை, கேட்பதற்காக அழைத்தது மட்டும்தான் என்றால் இவர் இந்த நொடியே எழுந்து போகலாம் என்றேன். போகக் கூடாதென்றால் அது கைதுதான். கைதென்றால் காரணத்தைச் சொல்ல வேண்டும். குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இருபத்து நாலு மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். வக்கீலைப் பார்க்க விட வேண்டும். இரண்டில் எது? பின்சுவரில் நீங்களே எழுதிவைத்திருக்கிறீர்களே, சார்.

எஸ்.ஐ. பேனா மூடியைக் கழற்றினார், மாட்டினார். மேனேஜர் தடவுவதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். இன்று எண்ணிப் பார்க்கும்போது, அந்த நொடியில் நான் வென்றிருந்தேன். அங்கே வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், பேனா மூடி இன்னும் இரண்டு முறை திரும்பியிருக்கும். பிறகு, "சரி, கொண்டு போ" என்ற சொல் வந்திருக்கும். வந்திராமலும் போயிருக்கலாம். ஆனால் அந்த மௌனத்தை நான் அரங்கின் மௌனமாக எடுத்துக்கொண்டேன். அரங்கம் மௌனமானால் அடுத்தது என்ன என்பது என் உடம்புக்கே தெரியும். குரல் தானாக இறங்கியது. வலக்கை தானாக விரிந்தது.

"சார், இந்த மனிதர் அந்தச் செயினை எடுத்தார் என்றே வைத்துக்கொள்வோம்."

ஒன்று. இரண்டு. மூன்று.

தரையிலிருந்து ஒரு குரல். "ஏம் பாப்பா, நான் எடுக்கலியே." பதிமூன்று ஆண்டுக்குமேல் திருவனந்தபுரத்தில் பிழைத்தவருக்கு அந்த அளவு மலையாளம் விளங்காமல் இருக்குமா?

நான் திரும்பிப் பார்க்காமல் சொன்னேன்: "அண்ணே, இது வாதத்துக்காக. நீங்க சும்மா இருங்க."

பிறகு "அப்படியே இருந்தாலும்" என்று குரலை உயர்த்தினேன். திருடனுக்கும் உரிமை உண்டு என்றேன். உரிமை என்பது நல்லவர்களுக்குக் கொடுக்கும் பரிசு அன்று, மனிதராகப் பிறந்ததாலேயே வருவது என்றேன். அவையெல்லாம் உண்மை, இன்றும் அவற்றில் ஓர் எழுத்தைக்கூட நான் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் அந்த மூன்று எண்ணிக்கைக்குள் எஸ்.ஐ. ரைட்டரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்திருந்தார். ரைட்டர் எழுதத் தொடங்கியிருந்தார்.

நான் முடித்ததும் எஸ்.ஐ. சிரித்தார். ஏளனம் இல்லை, உண்மையான மகிழ்ச்சி. "கொள்ளாம், நன்றாயிருக்கிறது. நானும் காலேஜில் பிரசங்கம் செய்தவன்தான். இந்த 'வைத்துக்கொள்வோம்' எனக்கும் பிடிக்கும்," என்று மலையாளத்தில் சொல்லி எனக்குத் தேநீர் வரவழைத்தார். வழக்கமாக என் அழைப்பைக் கேட்டு எதிரணி திகைத்து நிற்கும். முதன்முறையாக ஓர் எதிரணி அழைப்பை ஏற்று, வீட்டுக்குள் வந்து, நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

ஒத்துத்தீர்ப்பு என்றார்கள், அதாவது சமரசம். செயினுக்குரிய குடும்பம் மாலை ரயிலில் ஊர் திரும்புகிறது. கேஸ், கோர்ட் என்று அலைய அவர்களுக்கு விருப்பமில்லை. மேனேஜருக்கு வேண்டியது லாட்ஜ் முதலாளியிடம் காட்ட ஒரு தாள். தாளில் கையெழுத்துப் போட்டால் அண்ணன் இப்போதே வீட்டுக்குப் போகலாம். ரைட்டர் எழுதியதை என்னிடம் நீட்டினார்கள். தொழிலாளியின் தரப்பு புகாரை ஒப்புக்கொள்வதாகவும், மனிதாபிமானத்தை முன்னிட்டு விட்டுவிடும்படி வேண்டுவதாகவும் அதில் இருந்தது.

"நான் இப்படிச் சொல்லவில்லையே, சார். வாதத்திற்காக அல்லவா சொன்னேன்?"

"மோள் பறஞ்சது நாங்க மூணு பேரு கேட்டதல்லே?" என்றார் எஸ்.ஐ. பொறுமையாக. "வேண்டாமென்றால் வேண்டாம். எஃப்.ஐ.ஆர். போடுகிறேன். நீங்கள் சொன்ன எல்லா உரிமையும் கொடுத்து, நாளைக்கு மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்துகிறேன். ரிமாண்ட் எத்தனை நாள் என்று அவர் சொல்வார்."

நான் அண்ணன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். மறைக்கவில்லை, அதை மட்டும் எனக்குச் சாதகமாகச் சொல்லிக்கொள்ளலாம். "போலீஸ்கிட்ட ஒப்புக்கிட்டதுன்னு எது எழுதினாலும் கோர்ட்டுல செல்லாது, அண்ணே. சட்டமே அப்படித்தான். இது வெறும் தாள்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கோர்ட்டுல செல்லாதுன்னா," என்றார், "வேற எங்கெல்லாம் செல்லும், பாப்பா?"

எனக்குக் கற்பிக்கப்பட்ட சட்டத்தில் அந்தக் கேள்வி இல்லை. "எங்கயும் செல்லாது," என்று சொன்னேன்.

"நான் எடுக்கலன்னு ஒரு வரி சேத்து எழுதச் சொல்லேன்."

"அப்படி எழுதினா அவங்க விட மாட்டாங்க, அண்ணே."

"விடாட்டிப் போவுது."

அக்காதான் தாங்கவில்லை. "என்னங்க, கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. ரிமாண்டுன்னா செயிலுங்க. ஊருக்கு என்ன சொல்ல?" என்று தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டே கெஞ்சினார். அவர் மனைவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தமிழில் கையெழுத்துப் போட்டார். சாட்சி என்ற இடத்தில் நான் மலையாளத்தில் போட்டேன். என் மலையாளக் கையெழுத்து அழகானது. பள்ளியில் அதற்கும் பரிசு உண்டு. மேனேஜர் தாளை மேசைமேல் நேராக வைத்து, கைபேசியை உயர்த்திப் படம் எடுத்தார்.

வெளியே வந்து ஆட்டோ ஏறும்வரை அண்ணன் தலையைக் குனிந்தே நடந்தார். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே போன ஒரு மனிதரை ஒரு மணி நேரத்தில் பேசியே வெளியே கொண்டுவந்திருந்தேன். அந்தக் கர்வம் எனக்கு வேறு எதையும் பார்க்க இடம் தரவில்லை.

இரண்டு நாள் கழித்து நடந்த மனித உரிமை நாள் பேச்சுப் போட்டியில் அதையே பேசினேன். பெயர் சொல்லவில்லை. இந்த நகரத்தில், ஒரு லாட்ஜில், ஒரு செயின் காணாமல் போனது. ஒரு தமிழ்த் தொழிலாளி தரையில் உட்கார்த்தப்பட்டார். அவர் தலைக்கு மேல் அவருடைய உரிமைகள், அவருக்குத் தெரியாத எழுத்தில். அரங்கம் அசையாமல் கேட்டது. உச்சத்தில் கையை விரித்துக் கேட்டேன்: "அவர் எடுத்தாரா, எடுக்கவில்லையா? அது என் கேள்வியே அல்ல!" அன்று எழுந்த கைதட்டல் அதுவரை நான் பெற்றவற்றிலேயே நீளமானது. முதல் பரிசு. கல்லூரி அந்தப் பேச்சின் வீடியோவை இணையத்தில் ஏற்றியது. அதை நான் பல முறை பார்த்தேன்.

பத்து நாள் இருக்கும். எதிர்க் குடோனைக் கடந்து போகும்போது காம்பு கிள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண் கூப்பிட்டாள். "என்ன வக்கீலம்மா, செயின் கேசுல ஜெயிச்சுட்டியாமே?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஜெயிச்ச லட்சணம் தெரியுமா? அந்த மனுசன ஒரு லாட்ஜுலயும் படியேத்த மாட்டேங்கான். போன எடத்துல எல்லாம் அந்தத் தாளுப் படத்தப் போன்ல காட்டுதான். இந்தா, எம் மவன் போன்லயே கெடக்கு. பாத்துக்கோ."

மிளகாய் நெடியில் கண் எரிய, அந்தச் சின்னத் திரையில் என் கையெழுத்தைப் பார்த்தேன். லாட்ஜ்காரர்களின் வாட்சப் குழுவுக்கு மேனேஜர் அனுப்பியது. அங்கிருந்து எங்கெல்லாமோ போய், சாலைக் கடைவீதிக்கும் வந்திருந்தது. அண்ணன் இப்போது எங்கள் தெருவிலேயே லாரிச் சுமை இறக்குவதாக அவள் சொன்னாள். அவரை நான் பார்த்திருந்தேன். சாக்கு முண்டாசுக்குக் கீழே இருந்த முகத்தை அடையாளம் தெரியாமல் கடந்து போயிருந்தேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் தம்பானூரில் இன்னொரு லாட்ஜில் ஒரு பர்ஸ் காணாமல் போனது. அண்ணன் அந்தப் பக்கமே போகவில்லை. ஆனால் 'முன்பு எழுதிக் கொடுத்தவர்' என்று நகரத்தில் தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான். அரிசி மூட்டையோடு நின்றவரை ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். அம்மா மாடியிலிருந்து பார்த்தார். கல்லூரியில் செய்தி கேட்டதும் இம்முறை வஞ்சியூருக்கு அழைத்தேன். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு பெண் வக்கீல் வந்தார். உரக்கப் பேசவில்லை, உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தார். "என் கட்சிக்காரர் எடுக்கவில்லை என்கிறார். நீங்கள் எடுத்தார் என்றால், எதை வைத்து என்று எழுதித் தாருங்கள்," என்றார். அவர்கள் ஏதோ சொன்னபோதெல்லாம் அதையே திரும்பச் சொன்னார். அரை மணி நேரத்தில் அண்ணனை வெளியே விட்டார்கள். ஆனால் ஜீப் வந்ததற்கும் வக்கீல் வந்ததற்கும் நடுவில் மூன்று மணி நேரம் இருந்தது. அண்ணனின் இடக்காதில் சவ்வு கிழிந்துவிட்டதாகப் பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் அந்த வக்கீல் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "முதல் தடவை ஏன் விளிச்சில்லா?"

அந்தத் தாளை ரத்து செய்ய வேண்டும் என்றேன். அதற்கு முதலில் அது வேண்டும் என்றார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் காவல் நிலையத்துக்கு விண்ணப்பித்தேன். ஒரு மாதத்தில் பதில் வந்தது: குறிப்பிடப்படும் நாளில் அப்படியொரு புகாரோ, விசாரணையோ, ஒத்துத்தீர்ப்போ நிலையப் பதிவேடுகளில் இல்லை. அப்படியோர் ஆவணமே இல்லை. நான் படித்த சட்டம் இருப்பதை எதிர்க்கக் கற்றுத் தந்திருந்தது. எல்லார் கைபேசியிலும் இருந்து, அரசாங்கத்திடம் மட்டும் இல்லாத ஒன்றை எந்த நீதிமன்றத்தில் எதிர்ப்பது?

அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் பதினொன்றாம் பிரிவு நினைவுக்கு வந்தது. மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதி. அன்று அந்த அறையில் எஸ்.ஐ. "எடுத்தார்" என்று சொல்லவில்லை. கேட்க அழைத்தது என்றுதான் சொன்னார். மேனேஜரின் புகார்கூட, விரிப்பு மாற்றியவர் இவர் என்பதுதான். "எடுத்தார்" என்ற சொல் அந்த அறையில் முதலில் ஒலித்தது என் வாயிலிருந்து. அவருக்காகப் பேச வந்த ஒருத்தி மட்டுமே அவருடைய அந்த உரிமையை அவரிடமிருந்து எடுத்தாள். எடுத்ததோடு, "சும்மா இருங்க" என்றும் சொன்னாள்.

பங்குனி முடியும் நேரத்தில் ஊரிலிருந்து அண்ணனின் தம்பி போன் செய்தார். படம் அங்கேயும் போயிருந்தது. இந்த வருஷம் சாவி வேறு ஆள் கையில் கொடுப்பதாகப் பேச்சு, கொடைக்கு வராமல் இருந்தால் மரியாதை என்றாராம். அக்கா என் வீட்டுப் படியேறி வந்து சொன்னார். திட்டவில்லை. "நீதான அத வாசிச்ச? நீயே ஒண்ணு எழுதிக் குடு, பாப்பா. அவுக எடுக்கலன்னு. கோயில்ல வெச்சு வாசிச்சுக் காட்டுதோம்."

முத்திரைத்தாள் வாங்கித் தமிழில் எழுதினேன். அவர் தொடக்கம் முதல் முடிவுவரை மறுத்தார். ஒப்புக்கொண்டதுபோல் பேசியவள் நான். அவர் எழுதச் சொன்ன வரியைச் சேர்க்கவிடாமல் தடுத்தவளும் நான். ஒன்பது வரி. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அலங்காரம் இல்லாதது அது ஒன்றுதான். வஞ்சியூரில் நோட்டரி முன் கையெழுத்திட்டு, பஸ் ஸ்டாண்டில் தென்காசி வண்டிக்குக் காத்திருந்தவர்களிடம் கொடுத்தேன். அண்ணன் வாசிக்கச் சொன்னார். இடப்பக்கம் நின்று தொடங்கினேன். அவர் மெல்ல என் தோளைத் தொட்டு வலப்பக்கம் வரச் சொன்னார். வாசித்து முடித்ததும் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்து, பொத்தானை மாட்டினார்.

கொடை முடிந்த மறுநாள் காலை அக்கா போன் செய்தார். கோயில் வாசலில் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தம்பியே அதை வாசித்தாராம். எல்லாரும் கேட்டார்களாம். சிலர் தலையாட்டவும் செய்தார்களாம். அப்போது நாகர்கோவிலில் படிக்கும் ஒருவன், எழுதிக்கொடுத்தது யார் என்று பார்ப்போமே என்று தாளின் அடியிலிருந்த என் பெயரைப் போனில் போட்டுத் தேடியிருக்கிறான்.

"உன் வீடியோ வந்துச்சு, பாப்பா," என்றார் அக்கா. "கோயில் மைக்குல வெச்சாவ."

சாவி என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. மறுபுறம் ஏதோ சத்தம். போன் கை மாறியது.

"பாப்பா, அண்ணன் பேசுதேன். இரு, அந்தக் காதுல வைக்கேன்." சற்று நேரம் கழித்துக் குரல் மீண்டும் வந்தது. கோபம் இல்லை, தெரிந்துகொள்ள விரும்பும் ஒருவரின் குரல். "அந்த மலையாளம் வேகமா இருந்துச்சு, பாதிதான் புரிஞ்சுது. எடுத்தாரா எடுக்கலையான்னு மேடையில நீயே கேக்க. அது வரைக்கும் புரிஞ்சுது. அப்புறம் ஒரே சத்தம். நீ என்ன பதில் சொன்ன, பாப்பா?"

"பதில் சொல்லல, அண்ணே," என்றேன். "அது கைதட்டுன சத்தம்."